ஒடில் யாருடைய ஆள்

அந்தப் படிவத்தை நிரப்பியது நான்தான். அதனால் வந்த வினைக்கும் நானே பொறுப்பு என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊரான கார்வர் ஃபால்ஸில் காகித மில் மூடப்போகிறது என்பது அந்த வருடம் அக்டோபரில்தான் எங்களுக்குத் தெரிந்தது. வாரப் பத்திரிகைகளுக்குப் போகும் வழவழப்பான தாளை அங்கே தொண்ணூறு வருடமாகச் செய்துவந்தோம். அதே தாள் கடல் கடந்து, நாங்கள் மரக்கூழ் வாங்கும் விலைக்கே வந்து இறங்க ஆரம்பித்ததும் முதலில் ஒரு மெஷின் நின்றது. அப்புறம் இன்னொன்று நின்றது. கடைசியில் எல்லாமே நின்றுபோயின.

இப்படி வெளிநாட்டுச் சரக்கால் வேலை போனவர்களுக்கு அரசாங்கத்தில் ஒரு உதவி இருந்தது. புதுத் தொழில் படிக்கிற செலவை அவர்களே ஏற்பார்கள். படிக்கிற காலத்துக்கு வீட்டுச் செலவுக்கும் ஏதோ கொடுப்பார்கள். ஆனால் அது தானாகத் தேடி வராது. யாராவது வாஷிங்டனுக்கு மனுப் போட வேண்டும், அவர்கள் விசாரித்து, ஆமாம், இவர்கள் வேலை இறக்குமதியால்தான் போனது என்று ஒப்புக்கொள்ள வேண்டும். யூனியனின் கடைசித் தலைவராக இருந்த பாவத்துக்கு அந்த வேலை ரெனால்டு சீர் ஆகிய என் தலையில் விழுந்தது. முப்பது வருடம் காகிதம் செய்தேனே தவிர, அதில் எழுதிப் பழக்கமில்லை. என் மனைவி கெயில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்துப்பிழை பார்த்தாள்.

மூன்றாவது பக்கத்தில் ஒரு கேள்வி. வேறு நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருந்துகொண்டு, இதே இடத்தில் வேலை செய்தவர்கள் உண்டா? நான் கொஞ்சமும் யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதினேன்.

டிசம்பரில் வாஷிங்டனிலிருந்து சம்மதம் வந்தது. ஊரே சந்தோஷப்பட்டது. வேலைவாய்ப்பு மையத்தில் பதிந்துகொள்ள வரச் சொன்னார்கள். நானும் போனேன். நாற்காலிகள் போதாமல் பாதிப் பேர் சுவரோரம் நின்றிருந்தோம். எனக்கு முன்னால் ஒடில் பூலியோ நின்றாள்.

ஒடிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். மில் கேன்டீனில் இருபத்திரண்டு வருடம் சமைத்தவள் அவள். குள்ளமான, அகலமான உருவம். தலைமுடியைப் பையன்கள் மாதிரி வெட்டியிருப்பாள். எல்லோரையும் ‘ராசா’ என்பாள், அதிகாரியோ கூட்டுகிறவனோ பேதமில்லை. தட்டில் எது விழும் என்பதை அவள்தான் முடிவு செய்வாள். உனக்குச் சர்க்கரை வியாதி என்று உன் பெண்டாட்டி அவள் காதில் போட்டுவிட்டால் அன்றோடு உனக்கு இனிப்புப் பண்டம் கிடையாது. கெஞ்சினாலும் கிடையாது. உன் முகம் வாடியிருந்தால் கேட்காமலே இன்னொரு கரண்டி பீன்ஸ் வரும். என் மகன் பட்டாளத்துக்குப் போன வாரம் நான் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

கவுண்டரில் மார்சி டூபே என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். அவளும் எங்கள் ஊர்ப் பெண்தான். கம்ப்யூட்டரில் தேடித் தேடிப் பார்த்தாள். முகம் சிவந்தது.

“ஒடில், உங்க பேரு லிஸ்ட்ல இல்லீங்க.”

“நல்லாப் பாரு. பூலியோ. ஃபிரெஞ்சுக்காரன் எழுதுற மாதிரி, வாயில சொல்லாத எழுத்தையும் சேத்து அடிக்கணும்.”

“அப்படியும் பாத்துட்டேங்க. உங்களுக்குச் சம்பளம் யாரு குடுத்தாங்க?”

“மில்லுதான்... இல்ல இல்ல, காசோலை போர்ட்லண்டுலேருந்து வரும். ஏதோ கேட்டரிங் கம்பெனி. அவங்க மூஞ்சியை நான் பாத்தே பதினைஞ்சு வருஷமாச்சு.”

மார்சி கையைப் பிசைந்தாள். “அப்ப நீங்க மில் ஆள் இல்லீங்களே. மனுவுல வெளி ஆளுங்க யாரும் இல்லன்னு எழுதியிருக்கு. நான் ஒண்ணும் செய்ய முடியாதுங்க. மன்னிச்சிடுங்க.”

 ஒடில் ஒரு கணம் நின்றாள். அப்புறம் கைப்பையை மூடினாள். “சரி ராசாத்தி. நீ என்ன பண்ணுவ. உங்கம்மா மூட்டுவலி எப்படி இருக்கு?” என்று கேட்டுவிட்டு, பதிலையும் நின்று கேட்டுவிட்டு, வெளியே போனாள்.

 அந்தக் கேள்வி, அந்த ‘இல்லை’, எல்லாம் அப்படியே கண்முன்னால் வந்து நின்றன. அவளுக்குச் சம்பளம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வருடத்துக்கு ஒரு முறை அவளே அதைச் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் படிவத்தில் ‘வேறு நிறுவனம்’ என்று படித்தபோது அவள் முகம் எனக்கு நினைவுக்கு வரவில்லை. எப்படி வரும்? மில்லில் என்னைவிட உள் ஆள் அவள்.

மறுநாள் காலை அவள் வீட்டுக்குப் போனேன். ஆற்றங்கரைச் சாலையில் சிறிய மஞ்சள் வீடு. படியில் பனியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். நான் மண்வெட்டியை வாங்கப் போனேன், தரவில்லை.

“ஒடில், நான்தான் அதை எழுதினேன். இல்லன்னு எழுதினது நான்தான்.”

“தெரியும். கெயில் நேத்தே ஃபோன் பண்ணி அழுதா. உன் பெண்டாட்டியை அழவெச்சதுதான் தப்பு. உள்ள வா, காப்பி ஆறுது.”

“என்மேல கோவம் இல்லியா?”

“இருக்கு. காப்பி குடிச்சிட்டுத் திட்டறேன்.”

சமையலறையில் உட்கார்ந்து விஷயத்தை விளக்கினேன். மார்சி எனக்குத் தனியாக ஒரு வழி சொல்லியிருந்தாள். சம்பளம் வேறு கம்பெனி கொடுத்தாலும், அந்த ஆள் மில்லின் கட்டுப்பாட்டில் வேலை செய்தார் என்று காட்டினால், பழைய சம்மதத்தைத் திருத்தி அவரையும் சேர்த்துக்கொள்வார்கள். யார் வேலை சொன்னார்கள், யார் நேரம் வைத்தார்கள், யார் மேற்பார்வை பார்த்தார்கள் என்று விசாரிப்பார்கள்.

ஒடில் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

“அதாவது, மில்லு எனக்கு உத்தரவு போட்டுச்சு, நான் கேட்டு நடந்தேன்னு சொல்லணும்.”

“ஆமா.”

“சொல்ல மாட்டேன்.”

“ஒடில்...”

“இருபத்திரண்டு வருஷத்துல எவனும் எனக்கு உத்தரவு போட்டதில்ல. போட்டவன் சொன்னதை நான் கேட்டதும் இல்ல. உனக்கே தெரியும். இப்போ போயி, ஆமாங்கய்யா, அவங்க சொன்னபடி ஆடினேங்கய்யான்னு சொல்லச் சொல்றியா? பொய் சொல்லி எனக்கு வேணாம் அந்தப் படிப்பு.”

“வேற என்ன செய்யப் போற? இந்த ஊர்ல சமையல் வேலை எங்க இருக்கு?”

“அது என் பாடு.”

அவள் பாடு எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். கணவன் அர்மான் போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இல்லை. அறுபதுக்கு இன்னும் ஒரு வயது பாக்கி. ஊரில் இருந்த ஒரே உணவுவிடுதியும் மில்லுக்குப் பின்னாலேயே மூடிவிட்டது.

“சரி, நீ ஒண்ணும் சொல்ல வேணாம். அதிகாரி ஒருத்தர் எழுதிக் குடுத்தாப் போதும். ஹார்லன் இருக்காரே, அவரைக் கேக்கறேன்” என்றேன்.

“அந்த ஆளா? அவன் பேரை என் வீட்டுல எடுக்காத.”

ஹார்லன் பிராக் எங்கள் மில்லின் மேலாளர். கம்பம் மாதிரி உயரம், பேச்சு கம்மி, சட்டைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு. அவருக்கும் ஒடிலுக்கும் இருபது வருடச் சண்டை, பெரும்பாலும் உப்பைப் பற்றி. ஆனால் இந்தக் கோபம் வேறு. மில் மூடும் கடிதம் தலைமை அலுவலகத்திலிருந்து வந்த அன்று, எல்லோரும் ஒரே இடத்தில் இருப்பார்களே என்று அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கேன்டீனுக்கு வந்து அதைப் படித்தார். யாரும் சாப்பிடவில்லை. கரண்டியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனோம். பெரிய அண்டா நிறையப் பட்டாணி சூப். ஒடில் அதைத் தனியாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாளாம்.

“சாப்பிட உக்காந்தவன் முன்னாடி அதைப் படிக்கலாமா?” என்று இப்போதும் கேட்டாள். “இன்னும் இருபது நிமிஷம் பொறுத்திருந்தா மில்லு ஓடிப் போயிருக்குமா? எல்லாரும் வயிறு நிறைஞ்சு கேட்டிருப்பாங்க. கெட்ட சேதியை வெறும் வயித்துலயா கேக்கறது?”

நான் காப்பியைக் குடித்து முடித்துவிட்டு எழுந்தேன்.

ஹார்லனைப் பார்க்க ஏரிக்குப் போனேன். மேலாளராக இருந்தவருக்கும் வேலை போய்விட்டது. ஆனால் ஓய்வு வயதை நெருங்கிவிட்டதால் உறைந்த ஏரிமேல் சின்னக் குடிசை போட்டு, பனியில் துளையிட்டுத் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு வாளியைக் கவிழ்த்து உட்காரச் சொன்னார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தூண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்ன எழுதியிருக்குன்னு சொல்லு.”

“ஒடில் உங்க கட்டுப்பாட்டுல வேலை செஞ்சாங்கன்னு.”

அவர் சிரித்ததை நான் அதற்குமுன் இரண்டு முறைதான் பார்த்திருப்பேன். தோள் மட்டும் குலுங்கும், சத்தம் வராது.

“ரென், நான் அந்தப் பொம்பளைக்கு உப்பைக் குறைன்னு பதினொரு தடவை எழுதிக் குடுத்தேன். நோட்டுல தேதி இருக்கு. பதினொரு தடவையும் உப்பைக் கூட்டினா. கதவை ஆறு மணிக்குத் திறன்னு சொன்னேன், அஞ்சரைக்குத் திறந்தா. ஞாயித்துக்கிழமை வராதன்னு சொன்னேன், வந்தா. இதுக்குப் பேரு கட்டுப்பாடா?”

“நீங்க கையெழுத்துப் போடலன்னா அவளுக்கு ஒண்ணுமே கிடைக்காது.”

“பொய்யில கையெழுத்துப் போட மாட்டேன்.”

இரண்டு பேரும் ஒரே மாதிரி. ஒரே வார்த்தையை, ஒரே மாதிரி கழுதைப் பிடிவாதத்தோடு சொன்னார்கள். எனக்கு வந்த எரிச்சலில் எழுந்து வாளியை உதைத்தேன். மீன் ஓடிப்போகும் என்று கண்டித்தார். கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார்.

“அவ என்மேல இன்னும் கோவமா இருக்காளா?”

“கேன்டீன்ல வெச்சுப் படிச்சீங்களே.”

“ம்.” தூண்டிலை இழுத்துப் பார்த்தார், வெறும் முள். “கடுதாசி பதினொண்ணே முக்காலுக்கு வந்துச்சு. பன்னெண்டு மணிக்கு ரேடியோவுல சொல்லப்போறாங்கன்னு ஃபோன்ல சொன்னாங்க. ரேடியோவுல கேக்கறதைவிட என் வாயால கேக்கட்டும்னு நெனச்சேன். சாப்பாட்டைப் பத்தி யோசிக்கல.”

“இதை அவகிட்ட சொல்லியிருக்கலாமே.”

“கேக்கலியே அவ.”

நான் வீட்டுக்கு வந்து, கெயிலோடு உட்கார்ந்து, திருத்தம் கோரி வாஷிங்டனுக்கு எழுதினேன். யார் கையெழுத்தும் இல்லை. என்னுடையது மட்டும். இரண்டு வாரம் கழித்து பதில் வந்தது. விசாரணை அதிகாரி பெட்டிஃபோர்ட் என்ற பெண் வரும் புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஃபோனில் பேசுவார். ஒடிலும், மில்லில் மேற்பார்வை பார்த்த அதிகாரியும் இருக்க வேண்டும்.

புதன்கிழமை ஒன்பதரைக்கு ஒடில் வீட்டில் இருந்தேன். ஹார்லனை வரச் சொல்லியிருந்தேன், வருவார் என்று நம்பிக்கை இல்லை. ஒன்பதே முக்காலுக்கு அவருடைய வண்டிச் சத்தம் கேட்டது. ஒடில் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

“யார் கூப்பிட்டா அந்த ஆளை?”

“வாஷிங்டன் கூப்பிட்டுச்சு.”

ஹார்லன் வாசலில் நின்று காலணியைத் தட்டினார். கையில் காகிதத்தில் சுற்றிய இரண்டு மீன். நீட்டினார். அவள் வாங்கவில்லை, மறுக்கவும் இல்லை. கடைசியில் நான் வாங்கி ஃபிரிட்ஜில் வைத்தேன்.

“ஒடில், அன்னிக்கு...” என்று ஆரம்பித்து, ரேடியோ விஷயத்தைச் சொன்னார். ஏரியில் என்னிடம் சொன்னதைவிடச் சுருக்கமாகச் சொன்னார். அவள் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள்.

“பன்னெண்டுக்கு ரேடியோவுல சொல்லப்போறாங்கன்னா, என்கிட்ட வந்து சொல்லியிருக்கலாம்ல? பதினொண்ணே முக்காலுக்கே எல்லாருக்கும் பரிமாறியிருப்பேன்.”

“அது தோணல.”

“உனக்கு எதுதான் தோணிச்சு. உக்காரு. தொப்பியைக் கழட்டு.”

பத்து மணிக்கு ஃபோன் அடித்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வைத்தேன். பெட்டிஃபோர்ட் அம்மாளின் குரல் பொறுமையான குரல். பெயர், பிறந்த தேதி, வேலை செய்த வருடங்கள் எல்லாம் கேட்டார். அப்புறம் விஷயத்துக்கு வந்தார்.

“திருமதி பூலியோ, தினமும் என்ன சமைக்கணும்னு உங்களுக்கு யாரு சொல்வாங்க?”

“யாரும் சொல்ல மாட்டாங்க. நானே முடிவு பண்ணுவேன்.”

நான் தலையில் கை வைத்தேன்.

“வேலை நேரம்?”

“அதுவும் நான்தான்.”

“போர்ட்லண்ட் கம்பெனியிலேருந்து மேற்பார்வைக்கு யாராவது வருவாங்களா?”

“அவங்களா? நான் உயிரோட இருக்கேனான்னே அவங்களுக்குத் தெரியாது.”

அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம். “உங்க வேலை நேரக் கணக்குல யாரு கையெழுத்துப் போட்டாங்க?”

“ஹார்லன். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை.”

“அவர் சொல்ற எதையாவது நீங்க கேட்டிருக்கீங்களா?”

“இல்ல” என்றாள் ஒடில். ஹார்லனும் அதே சமயத்தில் “இல்ல” என்றார்.

தட்டச்சு நின்றது. அந்த அம்மாள் சிரிப்பை அடக்குகிறார் என்று எனக்குத் தோன்றியது. “சரி, இப்படிக் கேக்கறேன். உங்களை வேலையை விட்டு வீட்டுக்கு அனுப்பற அதிகாரம் யாருக்கு இருந்துச்சு?”

“அப்படி யாரும் என்னை...” ஒடில் நிறுத்திவிட்டாள்.

மேசைத் துணியின் ஓரத்தை மடித்தாள், பிரித்தாள். 

“திருமதி பூலியோ? இருக்கீங்களா?”

“இருக்கேன். ஒரு தடவை அனுப்பினான்.”

“யாரு?”

“இவன்தான். ஹார்லன். என் புருஷன் அர்மானுக்கு நுரையீரல் போயிடுச்சு. டாக்டர் வீட்டுல வெச்சுப் பாத்துக்கச் சொல்லிட்டாரு. நான் யாருகிட்டயும் சொல்லல. காலையில பக்கத்து வீட்டுக்காரியை உக்கார வெச்சிட்டு வேலைக்கு வந்துடுவேன். வீட்டுல இருந்தா அந்த மூச்சுச் சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். கேன்டீன்ல பாத்திரச் சத்தம். அதனால வந்தேன்.” தொண்டையைச் செருமிக்கொண்டாள். “ஒரு வியாழக்கிழமை, பதினொரு மணி இருக்கும். இவன் வந்து அடுப்பை அணைச்சான். வீட்டுக்குப் போன்னான். சூப்பு இன்னும் வேகலடான்னேன். நான் பாத்துக்கறேன்னான். உனக்கு என்ன தெரியும்னேன். ஒண்ணும் பேசல. மாட்டியிருந்த என் கோட்டை எடுத்து விரிச்சுப் பிடிச்சுக்கிட்டு நின்னான். அப்படியே நின்னான். நான் எவ்வளவு திட்டினேன் தெரியுமா? அடுப்பங்கரையில யாரும் திட்டாத திட்டு. இது உத்தரவு, ஒடில், அப்படின்னான். அவன் வாயிலேருந்து அந்த வார்த்தையை அன்னிக்குத்தான் கேட்டேன்.”

“நீங்க போனீங்களா?”

“போனேன். அவன்தான் வண்டியில கொண்டுபோய் விட்டான். வழியெல்லாம் ரெண்டு பேரும் பேசல. பத்தொன்பது நாள் அர்மான்கூட இருந்தேன். கடைசிவரைக்கும் இருந்தேன்.”

ஹார்லன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் காது சிவந்திருந்தது.

 அப்புறம் அந்த அம்மாள் மெதுவாகக் கேட்டார். “அந்தப் பத்தொன்பது நாளும் கேன்டீன்ல யாரு சமைச்சாங்க? கம்பெனி ஆள் அனுப்பிச்சா?”

“இல்லீங்க” என்றேன் நான். “ஹார்லன்தான் ரெண்டு பேரைப் போட்டாரு. ஒருத்தன் நான். கம்பெனிக்கு அவரே ஃபோன் பண்ணி, ஒடில் லீவுல இருக்காங்க, மாத்து ஆள் வேணாம், நாங்க பாத்துக்கறோம்னு சொல்லிட்டாரு.”

“நீங்க சமையல்காரரா?”

“மெஷின் ஓட்டறவன்.”

“பீன்ஸைக் கரிச்சான்” என்றாள் ஒடில், மூக்கை உறிஞ்சிக்கொண்டே. “நான் திரும்பி வந்தப்போ அண்டா அடி கறுப்பா இருந்துச்சு. ஒரு வாரம் தேய்ச்சேன்.”

“திருமதி பூலியோ, அந்த உத்தரவை நீங்க மீறியிருந்தா என்ன ஆகியிருக்கும்?”

ஒடில் ஹார்லனைப் பார்த்தாள். அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

“தூக்கிக்கிட்டுப் போயிருப்பான்” என்றாள்.

“மிஸ்டர் பிராக், இது நடந்ததா?”

“நடந்தது” என்றார் ஹார்லன். சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுக்கவில்லை. “தேதியும் சொல்றேன். மார்ச் ஒன்பது.”

அந்த அம்மாள் நன்றி சொன்னார். ஒரு விஷயத்தை மட்டும் விளக்கினார். உத்தரவைக் கேட்டு நடந்தாரா என்பது எங்களுக்கு முக்கியமில்லை, உத்தரவு போடும் உரிமை யாருக்கு இருந்தது என்பதுதான் கேள்வி, நேரக் கணக்கு, மாற்று ஆள், வீட்டுக்கு அனுப்புவது எல்லாவற்றையும் எழுதி ஹார்லன் அனுப்பினால் போதும் என்றார். முடிவு எழுத்தில் வரும். எதையும் இப்போது உறுதியாகச் சொல்ல முடியாது.

ஃபோனை வைத்ததும் ஒடில் எழுந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள். ஹார்லன் தொப்பியைக் கையில் எடுத்தார்.

“எங்க கிளம்பற? மீனைக் கொண்டுவந்து போட்டுட்டுப் போனா யாரு சாப்பிடறது? உக்காரு.”

“உப்புக் கொஞ்சம் கம்மியா...”

“போய்யா.”

அவர் அந்த மேசையிலேயே உட்கார்ந்து, தன் சின்ன நோட்டைப் பார்த்து, சாட்சிக் கடிதத்தை எழுதினார். ஒடில் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தாள். உப்பைப் பற்றி எழுதாதே என்றாள். உண்மை என்றால் முழு உண்மை என்றார் அவர். கடிதத்தில் பதினொரு தேதியும் இருந்தன. வாஷிங்டன் கோப்பு ஏதோ ஒன்றில், கார்வர் ஃபால்ஸ் மில் கேன்டீனில் உப்பு அதிகம் என்று இன்றைக்கும் இருக்கும்.

திருத்தம் மார்ச் கடைசியில் வந்தது. மார்சி விதியை மீறி, தபாலுக்குக் காத்திராமல், மதிய இடைவேளையில் நேரே ஒடில் வீட்டுக்கு ஓடியிருக்கிறாள். ஒரே ஒரு வரிதான். ‘மேற்படி மில்லின் கட்டுப்பாட்டில் அதே வளாகத்தில் பணிபுரிந்த ஒப்பந்த உணவகப் பணியாளர்களும் இதில் அடங்குவர்.’ அந்தப் ‘பணியாளர்கள்’ எல்லாம் ஒடில் ஒருத்திதான். ஒடில் அதை எங்கள் வீட்டுக்கு எடுத்துவந்தாள், கெயில் படித்துவிட்டு மறுபடியும் அழுதாள். ஒடில் என்னைப் பார்த்து, “பாத்தியா, திரும்பவும் உன் பெண்டாட்டியை அழவெச்சிட்ட” என்றாள்.

அப்புறம் என்ன படிப்பது என்ற பிரச்சினை. மார்சி நல்ல மனதோடு சமையற்கலைப் படிப்பைச் சிபாரிசு செய்தாள். அனுபவம் இருக்கிறதே, சுலபமாக இருக்குமே என்றாள்.

“வெங்காயம் எப்படி வெட்டறதுன்னு இருபத்தஞ்சு வயசுப் பய எனக்குச் சொல்லித் தரணுமா? வேற என்ன இருக்கு?”

மார்சி பட்டியலைத் திருப்பினாள். செவிலியர் உதவியாளர், கணக்கு, லாரி ஓட்டுவது, எண்ணெய் உலை பழுதுபார்ப்பது. எங்கள் மாநிலத்தில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்க ஒவ்வொரு வீட்டு நிலவறையிலும் ஒரு எண்ணெய் உலை உறுமிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒன்று நின்றால் அந்த வீட்டில் குழாய் உறைந்து வெடிக்கும்.

“அந்தக் கடைசியை எழுது” என்றாள் ஒடில்.

“அதுல நிலவறைப் படியெல்லாம் ஏறி இறங்கணும், கனமா தூக்கணும்...”

“நாப்பது கிலோ மாவு மூட்டையை நான் தூக்கும்போது நீ பிறக்கவே இல்ல ராசாத்தி. எழுது.”

அதே வகுப்பில் நானும் சேர்ந்திருந்தேன். கல்லூரி அறுபது மைல். செப்டம்பரிலிருந்து ஒரே வண்டியில் போனோம். என் ஓட்டும் விதம் அவளுக்குப் பிடிக்கவில்லை. இரண்டாம் வாரத்திலிருந்து அவளே ஓட்டினாள். வகுப்பில் எல்லோரும் எங்கள் பிள்ளைகள் வயது. ஆசிரியர் கோரி முப்பது வயதுக்காரர், நல்ல பையன். முதல் நாள் உலையைத் திறந்து, எரிமுனைக்குள் கை விட யார் வருகிறீர்கள் என்று கேட்டார். பையன்கள் கரியைப் பார்த்துத் தயங்கினார்கள். ஒடில் சட்டைக்கையை மடித்துக்கொண்டு முன்னால் போனாள். அடுப்பு என்றால் அடுப்புதான், எண்ணெய் வருகிறதா, காற்று வருகிறதா, பொறி வருகிறதா, அவ்வளவுதானே என்றாள். அதைத்தான் நான் ஒரு வாரம் பாடம் நடத்தப் போகிறேன் என்றார் கோரி.

வியாழக்கிழமைகளில் ஹார்லன் அவள் வீட்டுக்குச் சாப்பிட வருகிறார் என்று ஊரில் பேச்சு. நான் கேட்டேன்.

“வர்றான். படியில பனி தள்றான். அதுக்கு மேல உனக்கு என்ன தெரியணும்?”

“ஒண்ணும் வேணாம்.”

“அப்ப ரோட்டைப் பாரு.”

“நீதானே ஓட்டற.”

“நீயும் பாரு. நாலு கண்ணு நல்லது.”

டிசம்பரில் முதல் தேர்வு. செய்முறையில் தப்பித்தேன், எழுத்தில் கோட்டை விட்டேன். ஒடிலுக்குத் தொண்ணூற்று நாலு. காரில் ஏறினோம். ஐம்பத்திரண்டு வயதில் தோற்றுப்போனதை மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தேன். வெளியே பகல் வெளிச்சம் மங்கலாக, சாலையோரம் முழுக்கப் பனி.

“எப்போ திரும்ப எழுதணும்?” என்றாள்.

“அடுத்த திங்கள்.”

“பம்ப்புல எண்ணெய் அழுத்தம் எவ்வளவு?”

“விடு ஒடில்.”

“எவ்வளவுன்னு கேட்டேன்.”

“நூறு.”

“புது மாதிரி உலை இருக்கே, அதுல?”

அது எனக்கு மறந்துவிட்டது. அவள் சாலையோரம் வண்டியை நிறுத்தினாள். பின்சீட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள். கோதுமை ரொட்டிக்கு நடுவில் பன்றி இறைச்சி.

“முதல்ல சாப்பிடு. அப்புறம் சொல்லு. அறுபது மைல் இருக்கு, ஒவ்வொரு கேள்வியா வரலாம்.”

சாப்பிட்டேன். அவள் வண்டியை எடுத்தாள். கார்வர் ஃபால்ஸ் பாலம் வரும்வரை கேட்டுக்கொண்டே வந்தாள். தப்பாகச் சொன்னால் ஸ்டியரிங்கைத் தட்டுவாள், சரியாகச் சொன்னால் ‘ம், அடுத்தது’ என்பாள். திங்கட்கிழமை எனக்கு எழுபத்தொன்று வந்தது. எழுபது எடுத்தால் போதும்.